நீர்க்கோட்டுப் பரப்பு எங்கே? கடல்பொறியியல் நேர்காணலுக்கு இரண்டு முறை போனவளின் அனுபவம்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை பட்டியல் வந்தது. கடல்பொறியியலில் எம்எஸ் ஆய்வுப் படிப்பு. என் பெயர் ஐந்தாவது வரியில் இருந்தது. சென்ற ஆண்டு இதே பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று முறை பார்த்துவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டேன். அந்தக் கசப்பு இன்னும் முழுவதும் போகவில்லை. போவதற்குள் எழுதிவிட நினைக்கிறேன். எந்த இடத்தில் விழுந்தேன் என்பது இப்போது தெரிகிற அளவுக்கு ஆறு மாதம் கழித்துத் தெரியாது.

பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் என்எம் தாள் (கப்பல் வடிவமைப்பு, கடல்பொறியியல்) எழுதி, அதன்பின் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டமும் மதிப்பெண் பகுப்பும் உங்களுக்கே தெரியும்; அவற்றுக்குள் போகவில்லை.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். நான் புதுச்சேரியில் மெக்கானிக்கல் படித்தேன். படிப்பு முடிந்ததும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். என்எம் தாளை யாரும் எழுதுவதில்லை, மெக்கானிக்கல் தாளே பாதுகாப்பு என்று அங்கே சொன்னார்கள். கட்டிய பணம் திரும்பாது என்று தெரிந்தும் இரண்டாவது மாதம் வெளியே வந்துவிட்டேன். 2022ஆம் ஆண்டுதான் கேட் தேர்வில் இந்தத் தாள் சேர்க்கப்பட்டது. பழைய வினாத்தாள்கள் குறைவு என்பது உண்மை. அதனால் என்ன? கப்பலின் பாடம் வேண்டும் என்றால் கப்பலின் தாளைத்தான் எழுத வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

முதல் ஆண்டு எழுத்துத் தேர்வில் தப்பித்தேன். நேர்காணலில் ஒரே கேள்வியில் விழுந்தேன்.

துருவ ஆய்வுக் கப்பல்களைப் பற்றியும் ஆழ்கடலுக்குள் போகும் ரோபோ நீர்மூழ்கிகளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். பிரிட்டனின் சர் டேவிட் அட்டன்பரோ கப்பல் 129 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் தடிமனுள்ள பனியை மூன்று நாட் (மணிக்குச் சுமார் 5.5 கிலோமீட்டர்) வேகத்தில் உடைத்துப் போகும் என்பதெல்லாம் மனப்பாடம். நம் சாகர் நிதி இத்தாலியில் கட்டப்பட்டது, சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரோசப் 6000 என்ற ரோபோ 2010இல் 5289 மீட்டர் ஆழம் இறங்கியது என்று அடுக்கினேன். குழுவில் இருந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மிதக்கும் கப்பலில் ஈர்ப்பு மையம், மிதப்பு மையத்துக்கு (விலக்கப்பட்ட நீரின் மையத்துக்கு) மேலே இருந்தாலும் கப்பல் கவிழாமல் நிற்கிறது. உன் ரோபோ நீர்மூழ்கியிலும் அப்படி வைக்கலாமா என்று கேட்டார்.

வைக்கலாம் என்றேன். மெட்டாசென்டர், அதாவது கப்பல் லேசாகச் சாயும்போது மிதப்பு விசையின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி, ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் போதும் என்று சூத்திரத்தையும் எழுதினேன்: மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் வரையான உயரமான பிஎம் என்பது நீர்க்கோட்டுப் பரப்பின் (நீர்மட்டம் கப்பலை வெட்டும் பரப்பின்) நிலைமத் திருப்புத்திறனை, விலக்கப்பட்ட நீரின் கன அளவால் வகுத்தது. அவர் மறுபடி ஒன்றே ஒன்று கேட்டார்: முழுக்க மூழ்கிய பொருளுக்கு நீர்க்கோட்டுப் பரப்பு எங்கே இருக்கிறது?

எனக்குப் பதில் வரவில்லை. பேருந்தில் வீடு திரும்பும்போது, அரியாங்குப்பம் தாண்டிய பிறகு, வந்தது. பரப்பே கிடையாது. அது பூஜ்யம் என்றால் பிஎம் பூஜ்யம். மெட்டாசென்டர் மிதப்பு மையத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். மூழ்கிய பொருள் நிமிர்ந்து நிற்க ஒரே வழி, ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருப்பதுதான். ஆகவே ரோபோவில் மிதவை நுரை மேலே, பேட்டரி கீழே. நூறு படங்களில் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு முறைகூட என்னையே கேட்டதில்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்துவரச் சொன்னார். அகலமான, தட்டையான பிளாஸ்டிக் டப்பா. பட்டறைத் தொட்டியில் மிதக்கவிட்டு, மூடியின் மேல் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினோம். எடை முழுவதும் உச்சியில். ஆனாலும் டப்பா நேராக மிதந்தது. கையால் சாய்த்துவிட்டாலும் திரும்பி நிமிர்ந்தது. குண்டுகள் ஏற ஏற அமிழ்ந்துகொண்டே போனது. மூடியின் விளிம்பு தண்ணீருக்குள் போகும் தறுவாயில் சட்டென்று புரண்டு, ஈயம் அடியிலும் அடிப்பகுதி மேலுமாகத் தொட்டியின் தரையில் போய் உட்கார்ந்தது. அகலம்தான் இவ்வளவு நேரம் தாங்கியது, அமிழ்ந்த பிறகு அகலத்துக்கு வேலை இல்லை என்றார் அப்பா. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். நான் ஓர் ஆண்டு எழுதிப் பார்த்த சூத்திரத்தின் பொருள் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

அன்றிலிருந்து எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் நீர்க்கோட்டை வரைந்தேன். பொருள் மிதக்கிறதா, மூழ்கியிருக்கிறதா, எதன் மீதாவது ஏறி நிற்கிறதா என்று முடிவு செய்தபின்தான் சூத்திரம். இந்த ஆண்டு என் மதிப்பெண் 38இலிருந்து 57ஆக ஏறியதற்கு வேறு எந்தக் காரணத்தையும் சொல்ல மாட்டேன்.

எழுத்துத் தேர்வுக்கு வேறு சில:

- நன்னீரா, கடல்நீரா என்று கேள்வியில் வட்டமிடுங்கள். அடர்த்திக்கு 1000 போட வேண்டிய இடத்தில் 1025 போட்டால் எண்விடை கேள்வி போய்விடும்.
- திரையில் வரும் கால்குலேட்டரைச் சுட்டியால் மட்டும் அழுத்திப் பழகுங்கள். வீட்டுக் கால்குலேட்டரை நான் நவம்பரிலேயே பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.
- வளைந்த உருவங்களின் பரப்பைக் கணக்கிடும் சிம்சன் விதியை அட்டவணை போட்டே செய்யுங்கள். மனதில் செய்யாதீர்கள்.
- வெப்ப இயக்கவியலை விட்டுவிடாதீர்கள். எனக்குப் பிடிக்காத பாடம். ஆனால் அந்த மதிப்பெண்கள்தான் என்னைக் காப்பாற்றின.
- குழுவாகப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கணக்கை ஒரு மணி நேரம் தனியாக முறைத்துப் பார்த்தால்தான் அது நமக்குச் சொந்தமாகும்.

மாதிரித் தேர்வுகள் இரண்டு மட்டுமே எழுதினேன். பலர் இருபது எழுதச் சொல்வார்கள். என்னைப் போல மெதுவாகப் படிப்பவர்கள் அந்த நேரத்தைப் பழைய தவறுகளுக்குக் கொடுங்கள்.

இந்த ஆண்டு நேர்காணலில் நால்வர் இருந்தார்கள். துருவ ஆய்வுக் கப்பலில் ஆர்வம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்ததால் அங்கேயே தொடங்கினார்கள். கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ கப்பல் தளம், நம் முதல் துருவ ஆய்வுக் கப்பலுக்காக நார்வேயின் காங்ஸ்பெர்க்குடன் 2025 ஜூனில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி என்று நிலையங்கள் வைத்திருக்கிறோம். போய்வர நமக்கென்று பனி உடைக்கும் ஆய்வுக் கப்பல் இல்லை. ஆகவே இனிவரும் ஆண்டுகளிலும் இந்தக் கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

முதல் கேள்வி: பனியைக் கப்பல் எப்படி உடைக்கிறது? முட்டி உடைப்பதில்லை என்று சொல்லிவிட்டு, படம் வரைந்தேன். சாய்ந்த அணியம் (கப்பலின் முன்பகுதி) பனித்தட்டின் மேல் ஏறுகிறது. கப்பலின் எடை தட்டைக் கீழ்நோக்கி வளைக்கிறது. நசுக்குவதற்கு வேண்டிய விசையைவிடக் குறைந்த விசையில் பனி வளைந்து முறிகிறது. உடனே அடுத்தது வந்தது: ஏறி நிற்கும் அந்தச் சில நொடிகளில் கப்பலின் நிலைத்தன்மை என்ன ஆகிறது?

அந்த இடத்தில் என் கை தானாக நீர்க்கோட்டை வரைந்தது. அணியம் தூக்கப்பட்டிருப்பதால் நீர்க்கோட்டுப் பரப்பு மாறிவிட்டது. பனி கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும் விசை, கப்பலின் கீழ்ப்பகுதியிலிருந்து அவ்வளவு எடையை எடுத்துவிட்டதற்குச் சமம், ஈர்ப்பு மையம் மேலே போனது போன்ற விளைவு, ஜிஎம் (ஈர்ப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் வரையான உயரம்) குறைகிறது. நீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்தளத்தில் கப்பல் கட்டைகளின் மேல் உட்காரத் தொடங்கும்போது போடும் அதே கணக்கு. அந்த ஒப்பீட்டைச் சொன்னதும் கேட்டவர் அடுத்தவரைப் பார்த்துக் கேள்வியைக் கைமாற்றினார்.

அவர் நிலாக்குளத்துக்கு வந்தார். கப்பலின் நடுவே அடிவரை திறந்திருக்கும் கிணறு அது. சுற்றிலும் பனி இருந்தாலும் அதன் வழியே கருவிகளை இறக்கலாம். 4 மீட்டருக்கு 4 மீட்டர் கிணறு வெட்டினால் நீர்க்கோட்டுப் பரப்பு குறைகிறதே, கப்பல் தள்ளாடாதா என்றார். இது எனக்குப் பிடித்த கேள்வி. அகலத்தின் மும்மடிதான் திருப்புத்திறனைத் தீர்மானிக்கிறது. நடுக்கோட்டில் இருக்கும் கிணறு பறிப்பது நான்கின் நான்மடியைப் பன்னிரண்டால் வகுத்தது, சுமார் 21. அகலம் 24 மீட்டர், நீளம் 129 மீட்டர் உள்ள கப்பலின் மொத்தத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே கிணற்றை விளிம்பில் வெட்டினால் கதை வேறு.

பிறகு ஆழ்கடல். மனிதர்கள் ஏறிப்போவதற்கான நம் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் கலத்தின் கோளத்துக்கு உட்புற விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மில்லிமீட்டர் டைட்டானியக் கலவை. 6000 மீட்டரில் தகைவு (சுவரின் ஒரு சதுர அலகுக்கு வரும் விசை) எவ்வளவு என்று கேட்டார்கள். அழுத்தம் சுமார் 60 மெகாபாஸ்கல். கோளத்தின் மெல்லிய சுவர்ச் சூத்திரப்படி 400 மெகாபாஸ்கலுக்கு அருகில் வருகிறது. அந்தக் கலவை 800க்கு மேல்தான் நெகிழத் தொடங்கும். உருளையாக இருந்தால் தகைவு இரட்டிப்பு, அதனால்தான் கோளம். இந்தக் கணக்கை ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

மிதவை நுரையைப் பற்றியும் கேட்டார்கள். படகில் வைக்கும் தெர்மகோல் ஆழத்தில் நசுங்கிவிடும். ஆகவே ரெசினில் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் கண்ணாடிக் குமிழிகளைக் கலந்து வார்க்கிறார்கள். ரெசினில் குமிழி வந்தால் அது குற்றம் என்று எங்கள் பட்டறையில் சுரண்டி எடுப்பார்கள் என்றேன். பட்டறையா என்று கேட்டு, ஐந்து நிமிடம் அதைப் பற்றியே பேசினார்கள். உங்கள் வீட்டில் என்ன தொழில் இருக்கிறதோ அதை மறைக்காதீர்கள். முதல் ஆண்டு நான் மறைத்தேன்.

கடைசிக் கேள்விதான் கடினம். ரோபோ நீர்மூழ்கியை அது விலக்கும் நீரைவிடச் சில கிலோ குறைவாக எடைபோட்டு வைப்பது ஏன்? எந்திரம் நின்றால் தானாக மேலே வரட்டும் என்பதற்காக என்றேன். அப்படியானால் பனி அடுக்குக்குக் கீழே அனுப்பிய கலம் நின்றுவிட்டால் என்ன செய்வாய்?

எடையைக் கழற்றிவிடுவேன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் பென்சிலை எடுத்து நீர்க்கோட்டை வரையப் போனேன், வரைய இடமில்லை. மேலே கடல்மட்டம் இல்லை, நூற்றுக்கணக்கான மீட்டர் பனிக்கூரை. எடையைக் கழற்றினால் கலம் அந்தக் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜிபிஎஸ் இல்லை, ரேடியோ அலை நீருக்குள் போகாது, ஒலி நொடிக்கு 1500 மீட்டர்தான். தவறு என்று நானே சொல்லிவிட்டு மாற்றினேன்: அங்கே மேலே வருவது பாதுகாப்பு இல்லை, வந்த வழியே திரும்புவதுதான் பாதுகாப்பு. திரும்பும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே பயணத்தை முறிக்க வேண்டும். 2005இல் ஃபிம்பல் பனி அடுக்கின் அடியில் பிரிட்டனின் ஆட்டோசப்-2 சிக்கிப் போனதையும், 2024 ஜனவரியில் டாட்சன் பனி அடுக்கின் அடியில் ஸ்வீடனின் ரான் திரும்பாமல் போனதையும் அப்போதுதான் சொன்னேன். சென்ற ஆண்டு பெயர்களை முதலில் கொட்டினேன். இந்த ஆண்டு காரணத்துக்குப் பின்னால் வைத்தேன். மனப்பாடம் செய்தவை இரண்டு ஆண்டுகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தவறைத் தானே கண்டுபிடித்ததற்கு மதிப்பெண் உண்டா என்று ஜூனியர் ஒருத்தி கேட்டாள். உண்டு என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தவறுக்குப் பிறகும் என்னை எடுத்திருக்கிறார்களே.

நேர்காணலுக்கு முன் இவற்றையும் பாருங்கள்:

- குளிர்ப் பகுதிக் கப்பல்களுக்கான இஎச்36, எஃப்எச்36 எஃகு வகைகள். முதலாவது மைனஸ் 40 டிகிரியிலும் இரண்டாவது மைனஸ் 60 டிகிரியிலும் சுத்தியால் அடித்துப் பார்க்கும் சார்பி சோதனையில் தாங்க வேண்டும். குளிரில் எஃகு ஏன் நொறுங்குகிறது என்று கட்டாயம் கேட்பார்கள்.
- துருவக் கப்பல்களின் பிசி1 முதல் பிசி7 வரையான வகுப்புகள். எண் குறையக் குறைய வலிமை கூடும். பலர் தலைகீழாகச் சொல்கிறார்கள்.
- கேபிளில் கட்டிய ரோபோவுக்கும் தானே ஓடும் ரோபோவுக்கும் உள்ள வேறுபாடு. 6000 மீட்டர் ஆழத்துக்கு ஒலியில் ஒரு கட்டளை அனுப்பி மறுமொழி வர எட்டு நொடி ஆகும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

பென்சிலும் அழிப்பானும் எடுத்துச் செல்லுங்கள். நீர்க்கோட்டை ஒரு முறையில் சரியாக வரைந்துவிட முடியாது. சென்ற ஆண்டு என்னிடம் பேனா மட்டுமே இருந்தது.