எல்லாரும் பச்சை என்று எழுதிய நாள்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் மூன்று தடவை நினைவூட்டிவிட்டார். ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது ஒரு நாவல்: கோனி வில்லிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘பெல்வெதர்’, 1996இல் வந்தது. மந்தைக்கு முன்னால் கழுத்தில் மணியோடு போகும் ஆட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

கதாநாயகி சான்ட்ரா, மோஸ்தர்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று ஒரு நிறுவனத்தில் இருந்து ஆராய்கிறார். 1920களில் பெண்கள் திடீரென்று கூந்தலைக் கத்தரித்துக்கொண்டது ஏன் என்பதுதான் அவருடைய தலைவலி. ஆராய எங்கே விடுகிறார்கள்? நிர்வாகம் ஓயாமல் கூட்டம் போடும். ஃப்ளிப் என்ற உதவியாளர் பார்சலை ஆள் மாற்றிக் கொடுப்பார், படிவங்களைத் தொலைப்பார். குரங்கு கேட்ட விஞ்ஞானிக்குக் கடைசியில் ஆட்டுமந்தைதான் வந்து சேரும். காதல் எங்கே போய் முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அது போகட்டும்.

ஃப்ளிப்பைக் கண்டதும் நம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவிக்கு நின்ற அண்ணைதான் ஞாபகம் வந்தார். ஒரு நாள் உப்புப் பகுப்பாய்வு: தூளில் இருப்பது எந்த உலோகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளைத் தூள். கரைத்து, ஐதான சல்பூரிக்கமிலம் விட்டால் வெண்வீழ்படிவு, அதாவது கரையாமல் அடியில் படியும் வெள்ளைப்பொருள். பேரியமும் அப்படித்தான், ஸ்ட்ரோன்சியமும் அப்படித்தான். சுவாலையில் பிடித்தால் குட்டு வெளிப்படும்: பேரியம் இளம்பச்சை, ஸ்ட்ரோன்சியம் சிவப்பு. மாஸ்டர் கொடுக்கச் சொன்னது பேரியம். அண்ணை அள்ளியது பக்கத்துப் போத்தலில்.

பிளாட்டினம் கம்பியைத் தோய்த்துப் பிடித்தேன். செக்கச்சிவப்பு! முதலாம் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். பச்சை. அவன் போன வருடத்துக் கொப்பியைப் பார்த்து எழுதியிருந்தான். சரி, என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நானும் பச்சை என்றே எழுதினேன். வகுப்பே எழுதியது. கடைசி வாங்குக்காரன் ஒருவன் மட்டும் ‘சிவப்பு’ என்று எழுதி, பூச்சியமும் ஏச்சும் வாங்கினான்.

அடுத்த கிழமை மாஸ்டர் மிச்சத் தூளைத் தானே சுவாலையில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அவனுடைய கொப்பியை வாங்கி, பூச்சியத்துக்கு முன்னால் ஒரு 1 போட்டார். அப்புறம் எங்கள் கொப்பிகளை அடுக்கி வைத்து, ஒவ்வொரு பத்திலும் அந்த 1ஐ வெட்டினார்.

நாவலை அவனுக்கு அனுப்பி, அன்று அந்தத் துணிவு எப்படி வந்தது என்று கேட்டேன்.

“துணிவோ? பிந்தி வந்தனான். ஒருத்தரும் கொப்பி காட்டேல்லையடா.”