டேமன் இல்லை, டீமன்

மழைக்கு ஒதுங்கத்தான் ஆக்ஸ்ஃபோர்டின் கௌலி ரோட்டில், பழைய சாமான் விற்கும் அந்த சாரிட்டி கடைக்குள் நுழைந்தேன். வெளியே வரும்போது கையில் மூன்று பவுண்டுக்கு ஒரு தலையணை. 600 பக்கத்துக்கு மேல் இருந்தால் அது தலையணைதானே? பிலிப் புல்மனின் 'தி சீக்ரெட் காமன்வெல்த்'. கல்லாவில் இருந்த வயதான அம்மாவிடம், "இந்தக் கதையோட முதல் புத்தகத்தைப் படிச்சிட்டு எனக்கும் ஒரு டேமன் வேணும்னு அழுதிருக்கேன்" என்று சொல்லிவைத்தேன். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, ரொம்ப அன்பாக, "டீமன், கண்ணு" என்றார்.

இருபது வருஷம்! நானும் தம்பியும் அத்தனை வருஷமும் டேமன், டேமன் என்றுதான் உருகியிருக்கிறோம்.

படிக்காதவர்களுக்காக: லைரா என்ற சிறுமியின் உலகத்தில், மனிதரின் ஆன்மா உடம்புக்கு வெளியே ஒரு பிராணியாகக் கூடவே நடமாடும். அதுதான் டீமன். குழந்தைகளின் டீமன் நிமிஷத்துக்கு ஓர் உருவம் எடுக்கும். வயதுக்கு வந்ததும் ஒரே உருவத்தில் நின்றுவிடும். 1995இல் வந்த முதல் புத்தகமான 'நார்தர்ன் லைட்ஸ்' எங்கள் கைக்கு வந்தபோது 2003. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாடகை நூலகம். அட்டை இல்லை, முதல் சில பக்கங்கள் இல்லை, நாள் வாடகை மட்டும் முழுசாக உண்டு. பகலில் நான், ராத்திரி அவன் என்று முறை வைத்துப் படித்தோம். முன்னால் போனவர் கதையைச் சொல்லக் கூடாது.

விஷயத்தைக் கேட்ட அப்பாயி வெற்றிலையை மடித்தபடி, "இதுல என்னடி அதிசயம்? ஏழு கடல் ஏழு மலை தாண்டி ராட்சசன் உசுரு கிளிக்குள்ள இருக்குமே, அதானே?" என்றார்.

"தாத்தாவுக்கு என்ன மிருகம், அப்பாயி?"

"உங்க தாத்தனுக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?"

சரி, உச்சரிப்புக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டை நான் கண்ணால் படித்துத் தெரிந்துகொண்டவள். காதால் கேட்டதே கிடையாது. வந்த புதிதில் பஸ்ஸில் "மேக்டலன் பாலம்" என்று கேட்டேன். டிரைவர் விழித்தார். அதை 'மாட்லின்' என்று சொல்ல வேண்டுமாம். பக்கத்து ஊரை நான் 'பைசெஸ்டர்' என்றேன், அது 'பிஸ்டர்'. எழுத்தை வாரி இறைத்து எழுதுகிறார்கள், வாயைத் திறக்கும்போது பாதியை முழுங்கிவிடுகிறார்கள். திருச்சிராப்பள்ளியை ட்ரிச்சினாபொலி ஆக்கியவர்களின் ஊரில் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. அது படும் பாட்டை இன்னொரு நாள் அழுகிறேன்.

மற்றபடி நான் இங்கே செட்டில் ஆகிவிட்டேன். ஊரிலிருந்து போன் செய்யும் எல்லோரும் கேட்பது இதைத்தானே, "செட்டில் ஆயிட்டியா?" டீமன் ஒரே உருவத்தில் நின்றுபோவதற்கும் புத்தகத்தில் இதே சொல்தான். எந்த வாரம் எந்தக் குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் காலை யாராவது மிதித்தால் நானே மன்னிப்புக் கேட்கிறேன். போன வாரம் நாலு குச்சி கொத்தமல்லியை ஒரு பவுண்டு கொடுத்து முனகாமல் வாங்கினேன். காந்தி மார்க்கெட்டில் கொசுறு போடவில்லை என்று அம்மா ஒருநாள் வாங்கிய தக்காளியை முழுசாகத் திருப்பிக் கொட்டிவிட்டு வந்தார். பை காலி, முகத்தில் வெற்றி. அன்றைக்கு வீட்டில் ரசம் கிடையாது.

புத்தகத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

2019இல் வந்த இந்தத் தொடர்ச்சியில் லைராவுக்கு இருபது வயது. அவளுடைய டீமனின் பெயர் பான். கீரிப்பிள்ளை மாதிரி என்று நாங்கள் கற்பனை செய்திருந்த காட்டுப் பிராணி. இரண்டுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஒரே உயிருக்குள் இரண்டு முகம், இரண்டும் ஆளுக்கொரு மூலையில் உம்மென்று. கடைசியில் பான் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிப் போகிறது. அந்த இடத்தில், முன்பு படித்த யாரோ அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அப்படியே கிடந்தது. அவர் அதற்கு மேல் போகவில்லை போலிருக்கிறது. நானும் நாலு நாள் மூடி வைத்தேன்.

எனக்குக் கோபம். 2000இல் மூன்றாம் பாகம் முடிந்தபோது, வளர்ந்ததும் நன்றாக இருப்பாள் என்று நம்பித்தானே அவளை ஆக்ஸ்ஃபோர்டில் விட்டுவிட்டு வந்தோம்? டீமன் இல்லாமல் ஊர் ஊராக அவள் கிழக்கே போகும்போது, பார்க்கிறவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். என் பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் யாரையும் பார்ப்பதே கிடையாது.

அந்தரத்தில் முடிந்த அந்தக் கதைக்கு, 2025 அக்டோபரில்தான் கடைசிப் பாகமான 'தி ரோஸ் ஃபீல்ட்' வந்தது. அம்மாவுக்கு வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்று போட்டாலே ஒரு வாரம் தாங்காது. இந்தக் கதையின் வாசகர்கள் ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி பெங்களூரில் ஒரு பிரதி வாங்கிவிட்டான். பழைய சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. "அக்கா, எந்தப் பக்கம்?" என்பான். சொன்னால் "ம்ம்" என்று மட்டும் சொல்வான். அந்த "ம்ம்"மை வைத்து நான் ராத்திரி முழுக்க யோசிப்பேன்.

போன சனிக்கிழமை தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். மாட்லின் கல்லூரிக்கு எதிரே, 1621இல் தொடங்கியது. உள்ளே கடைசியில் ஒரு மரப் பெஞ்சு. வேறு வேறு உலகத்தில் இருக்கும் லைராவும் அவள் காதலித்த வில் என்ற பையனும் வருஷத்துக்கு ஒருநாள், நடுவேனில் நாளன்று உச்சிப்பொழுதில், அவரவர் உலகத்தில் அந்தப் பெஞ்சில் வந்து உட்காருவதாக முடிவெடுத்த இடம். பின்னால் பானுக்கும் வில்லின் பூனை டீமனுக்கும் ஒரு சிற்பம் வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடி படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, உட்கார்ந்து, வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன்.

"டிக்கெட் எடுத்து ஒரு பெஞ்சைப் பார்க்கவா போன?" என்றார் அம்மா. அப்பாயி போனைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திரை முழுக்க அவருடைய மூக்குக்கண்ணாடி.

"பூனை தெரியுது. அது கீரியா? சரி. கிளி எங்கடி?"