மனநல மருத்துவருடன் முதல் ஒரு மணி நேரம்

சிங்கப்பூரில் மனநல மருத்துவரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு, அந்த அறைக்குள் என்ன கேட்பார்களோ என்ற பயம்தான் பெரிது. எனக்கும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. சாப்பாடு இறங்கவில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. முதலில் பார்த்த கிளினிக்கில் டாக்டர் கணினியைப் பார்த்தபடியே நாலைந்து கேள்வி கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். பிறகு பாலிகிளினிக் (அரசு கிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கினேன். அந்த வழியாகப் போனால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும். மாமியார் பதறிப்போய், "உட்பிரிட்ஜுக்கா போறீங்க?" என்றார். உட்பிரிட்ஜ் என்பது இங்குள்ள மனநல மருத்துவமனையின் பழைய பெயர். ஆனால் பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. என்னை அனுப்பியது அப்படி ஒரு பிரிவுக்குத்தான்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். தன் பெயரைச் சொன்னார், எவ்வளவு நேரம் ஆகும் என்றார். "நீங்க சொல்றது உங்களுக்கு சிகிச்சை பார்க்கிற எங்களோட இருக்கும். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் மத்தவங்ககிட்ட பேச வேண்டி வரும்" என்று முதலிலேயே தெளிவாக்கிவிட்டார். அப்புறம், "இப்ப என்ன கஷ்டம்? எங்கேருந்து வேணும்னாலும் ஆரம்பிங்க" என்றார். நான் கோர்வையில்லாமல் பேசினேன். அவர் குறுக்கிடவில்லை. நடுவில் எனக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றபோதும் அவசரப்படாமல் காத்திருந்தார்.

கேள்விகள் அதற்குப் பிறகுதான் வந்தன. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எடை குறைந்திருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த காலம் உண்டா என்றும் கேட்டார். சோர்வாக வருகிறவருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று தோன்றியது, கேட்டேவிட்டேன். இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும் அளவுக்கு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அது வெறித்தனமான உற்சாகத்தைக் கிளப்பிவிடும் என்று விளக்கினார். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் எழுதினார். ஆளில்லாமல் குரல் கேட்கிறதா என்பதை, "இது எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்" என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

நான் பயந்த கேள்வியும் வந்தது. "வாழ்ந்து என்ன பயன்னு தோணியிருக்கா?" தோன்றியிருக்கிறது என்றேன். "உயிரை விட்டுடலாம்னு நினைச்சிருக்கீங்களா? அதுக்காக ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று நினைத்ததுண்டு, அதற்கு மேல் இல்லை என்று சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது அது. சொன்னதும் பாரம் இறங்கியது. இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவதாகும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படித் தூண்டாது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. போலீஸ் வருமோ என்று பயந்து வாய் திறக்காத பெரியவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. தயவுசெய்து இதை வீட்டில் சொல்லிவையுங்கள்.

கடைசியில் மனைவியை உள்ளே அழைக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார், அவளிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டார். நான் பேசுவதே மெதுவாகிவிட்டதாக அவள் சொன்னாள். எனக்கு அது தெரியவே இல்லை. பிறகு டாக்டர் எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்லி, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்றார். ஒரு இடத்தைத் திருத்தினேன், குறித்துக்கொண்டார்.

போகும்போது நாட்டு மருந்து உட்படச் சாப்பிடும் எல்லா மருந்தின் பட்டியலையும் கொண்டு போங்கள். தமிழில் பேசுவதுதான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள், பிள்ளைகளை வைத்துப் பேச வேண்டாம். பெற்ற பிள்ளை முன்னால் வாய்க்கு வராத பேச்சு நிறைய உண்டு. மாத்திரை பலன் தரச் சில வாரம் ஆகும். கடுமையான மனச்சோர்வுக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான நம் கட்டாயச் சேமிப்பு) பயன்படுத்தலாம். அப்பாயின்ட்மென்ட் வரும்வரை தாங்க முடியாவிட்டால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரை 1767 எண்ணில் அழையுங்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.