வெக்கையில் ஓடும், குளிரில் விழும்

என் லப்டொப்பில் கேம் நடுவில் திரை உறையும், பிறகு கறுக்கும், சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டொப் திரும்பி வரும், கேம் இருக்காது. யாழ்ப்பாணத்தில் இதை யாரிடம் சொன்னாலும் "வெக்கைதான் தம்பி" என்பார்கள். சித்திரை வெயிலுக்கும் சோளகத்தில் வரும் புழுதிக்கும் அப்படி நினைப்பதில் பிழையில்லை. சரி என்று டவுனில், சிப்பின் சூட்டை வெளியே கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்ட் வாங்கி வந்து, ஃபானில் அடைந்த தும்பையெல்லாம் எடுத்து, காய்ந்த பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். வெப்பம் நன்றாக இறங்கியது. ஆனால் கேம் முன்னையைவிட அடிக்கடி விழத் தொடங்கியது!

அங்கேதான் சந்தேகம் பிடித்தது. வின்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 4101 என்ற இலக்கம் இருந்தது: டிஸ்பிளே ட்ரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டிருக்கிறது. திடீரென்று கரண்ட் அறுந்தால் வரும் 41 இல்லை. கிராபிக்ஸ் சிப் 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் வின்டோஸ் அதை ரீசெட் செய்யும். விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. வின்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2ஐ 10 ஆக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். தேமோமீற்றரை ஒளித்துவைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பதைப் போன்ற வைத்தியம் அது. நான் தொடவில்லை.

வின்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில், டிடியூ என்ற ட்ரைவர் நீக்கும் மென்பொருளைப் போட்டு ட்ரைவரைத் துடைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் புதிதாக நிறுவியதிலும் மாற்றமில்லை.

பற்றரியில் ஓட்டினால் விழவில்லை. "அப்ப சார்ஜர்தான்" என்றான் நண்பன். ஆனால் அதே சார்ஜரில், கிராபிக்ஸ் சிப்புக்கு முழுப் பாரம் கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் நெடுநேரம் அசையாமல் ஓடியது. மிகக் கடினமான சோதனையில் நிற்கிற சாமான், மெனுவிலும் லோடிங் திரையிலும் ஏன் விழவேண்டும்?

வெப்பத்தையும் வேகத்தையும் அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் பதிவுபோட்டு விட்டுப் பார்த்தேன். விழும் நேரத்தில் வெப்பம் 60 பாகைகூட இல்லை. சிப் இயங்கும் கடிகார வேகமோ 2,000 மெகாஹேர்ட்ஸைத் தாண்டி நின்றது. ஃபர்மார்க்கில் அது 1,600 பக்கம்தான். இந்தக் காலச் சிப்புகள் மின்சாரத்திலும் வெப்பத்திலும் இடம் இருந்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டும், சூடேறினால் படிப்படியாகக் குறைக்கும். முழுப் பாரத்தில் மின் வரம்பு பிடித்து நிறுத்தும். மெனுவில் பாரம் குறைவு, அதனால் உச்சப்படிக்கு ஏறிவிடும். என்னுடைய சிப்பால் அந்த உச்சப்படியில் நிற்க முடியவில்லை. பற்றரியில் வேகம் கட்டுப்பட்டே இருக்கும், அதனால் விழவில்லை. பேஸ்ட் மாற்றியதும் மோசமானது ஏன் என்பதும் விளங்கியது: சூடு குறைந்ததும் சிப் இன்னும் எளிதாக உச்சப்படிக்கு ஏறியது. மத்தியானப் புழுக்கத்தில் ஒழுங்காக ஓடி, மார்கழி விடியற்காலையில் விழுந்ததும் இதனால்தான்.

மருந்து சின்னது. கிராபிக்ஸ் சிப்பின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தினால், எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு திறக்கும். 850 மில்லிவோல்ட்டுக்கு வலப்பக்கப் புள்ளிகளை ஷிஃப்டோடு தெரிந்து, 850 புள்ளியின் உயரத்துக்கும் கீழே இழுத்து அப்ளை கொடுத்தேன். கோடு அங்கிருந்து தட்டையானது, அதற்கு மேல் சிப் வேகம் ஏறாது. ஃபிரேம் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஃபான் இரைச்சல் குறைந்தது காதுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு 4101 வரவில்லை.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: வின்டோஸ் தொடங்கும்போதே இந்த அமைப்பு ஏறவேண்டும் என்ற தெரிவை உடனே போடாதீர்கள். சில நாள் கையால் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். கோடு எங்காவது பிசகியிருந்தால் ரீஸ்டார்ட் பண்ணினாலே பழைய நிலைக்கு வந்துவிடும்; அந்தத் தெரிவைப் போட்டிருந்தால் சேஃப் மோட் வரைக்கும் போகவேண்டி வரலாம்.