ஸ்டான்ஃபோர்டுக்கு ஆள் பிடிப்பது

30 நவம்பர் 2024

நேற்று நம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணி சான் ஹோசே ஸ்டேட்டிடமும் 34-31 என்று தோற்றாயிற்று. தொடர்ந்து நாலாவது வருஷமாக 3-9, அதாவது மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. (இது நம்மூர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.) இன்றைக்கு வந்த ஒரே நல்ல செய்தி, நம் பழைய நட்சத்திர வீரர் ஆண்ட்ரூ லக் அணியின் ஜெனரல் மேனேஜராகத் திரும்பி வருகிறார். இங்கே கட்டட வடிவமைப்பு படித்து, 2012-ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர்.

4 டிசம்பர் 2024

இன்று பள்ளிப் பையன்கள் எந்தக் காலேஜ் அணியில் சேர்கிறோம் என்று கையெழுத்துப் போடும் நாள். மற்ற இடங்களில் கோச் ஆட்ட வீடியோவைப் பார்த்துப் பிடித்திருந்தால் சீட் கிட்டத்தட்ட உறுதி, இங்கே வீடியோ எவ்வளவு அமர்க்களமாக இருந்தாலும் மார்க் ஷீட்டைப் பார்க்காமல் பேச்சு நகராது. பள்ளியிலேயே காலேஜ் தரத்தில் நடத்தும் கஷ்டமான ஏ.பி. பாடங்கள் எடுத்திருக்கிறானா, கட்டுரை எழுதினானா, ஆசிரியர் சிபாரிசுக் கடிதம் வந்ததா, எல்லாம் முடிந்து அட்மிஷன் ஆபீஸ் தலையாட்டினால்தான் கோச்சுக்கு மூச்சு வரும்.

இதனால்தான் தோற்கிறோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2006-ல் 1-11 என்று கிடந்த அணியைக் கோச் ஹார்பாவும் அவருக்குப் பின் கோச்சாக வந்த ஷாவும் தூக்கி நிறுத்தியபோதும் படிப்பு விஷயத்தில் இதே கெடுபிடிதான். ரோஸ் பவுல் என்ற பெரிய புத்தாண்டு ஆட்டத்தை 2013, 2016 இரண்டிலும் ஜெயித்தார்கள். தகுதியான பையன்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் நாடு முழுக்கத் தேடினார்கள், லக் டெக்சஸிலிருந்து வந்தார், இன்னொரு நட்சத்திரம் மெக்காஃப்ரி கொலராடோவிலிருந்து. அப்புறம், பையன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் "டிகிரி ஸ்டான்ஃபோர்டுடையது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

9 டிசம்பர் 2024

காலேஜ் மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இன்று திறந்தது. நம் வியாதி இங்கேதான் இருக்கிறது. வேறு காலேஜில் இரண்டு வருஷம் ஆடியவனை மற்றவர்கள் சில நாளில் அள்ளிக்கொண்டு போகிறார்கள், இங்கே பழைய கிரெடிட் செல்லுமா, மாற்றலுக்கு இடம் இருக்கிறதா என்று ஃபைல் நகர்வதற்குள் பையன் வேறு ஊர் ஜெர்சியில் நிற்பான். வெளியே போவதற்கு மட்டும் தடையே இல்லை. 2022 சீசன் முடிந்ததும் நம் வீரர்கள் டிரேக் நூஜென்ட், மைல்ஸ் ஹின்டன் இருவரும் மிச்சிகன் போனார்கள், அடுத்த சீசனிலேயே தேசிய சாம்பியன் அணியில் இருந்தார்கள். வயிறு எரிந்தது.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும் சீட் கிடைப்பது குதிரைக் கொம்புதான். ஆனால் அவர்கள் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து பாவியா என்ற வீரரைக் கூட்டிவந்து, அக்டோபரில் நாட்டுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று சாய்த்தார்கள். மனசு வைத்தால் வழி இருக்கிறது.

7 ஜூன் 2025

காலேஜ் வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் சமரசத்துக்கு நேற்று நீதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டார், ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஹார்வர்ட், யேல் மாதிரிப் பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஐவி லீக் இதில் சேரவில்லை, அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. நாம் அந்தப் பக்கமும் இல்லை, அலபாமா பக்கமும் இல்லை. அந்த அம்மாவிடம் இனி டிகிரியை மட்டும் சொன்னால் போதாது, பக்கத்தில் ஏஜென்ட் உட்கார்ந்திருப்பான். பணத்தை லக் எங்கிருந்தாவது திரட்டிவிடுவார். மாற்றலுக்கு ஆண்டுக்கு ஒரு பத்து சீட்டை அட்மிஷன் ஆபீஸிடமிருந்து அவர் வாங்கிவிட்டால் அதுதான் பெரிய வேலை என்பேன்.