ஐந்து டைமண்ட்

மார்ச் 7, சனி

பிரிட்ஜ் சீட்டாட்ட மேட்ச். 20ஆவது போர்டு, அதாவது இருபதாவது ஆட்டம். இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. சரி, எழுதிவிடுகிறேன்.

இரண்டு பக்கமும் வல்னரபிள், அதாவது தோற்றால் அபராதம் அதிகம். ஏலத்தில் என் பார்ட்னர் சார் 1 ஸ்பேட், நான் 3 ஸ்பேட், அவர் 4 நோ டிரம்ப். எத்தனை ஏஸ் இருக்கிறது என்று கேட்கிற ஏலம் அது, துருப்பு ராஜாவும் ஒரு ஏஸாகக் கணக்கு. என்னிடம் ஹார்ட் ஏஸ் ஒன்றுதான். பத்து வருடமாக ஒன்று என்றால் 5 டைமண்ட் போடுவது எங்கள் பழக்கம். ஜனவரியில்தான் 1430 என்ற பதில் முறைக்கு மாறினோம். அதில் ஒன்றுக்கு 5 கிளாவர். 5 டைமண்ட் போட்டால் பூஜ்யம் அல்லது மூன்று. மாறலாம் என்று சொன்னது நான். எங்கள் ஏல முறையை எழுதிய சிஸ்டம் கார்டை டைப் அடித்ததும் நான். கை பழையபடி 5 டைமண்ட் ஏல அட்டையை எடுத்து வைத்துவிட்டது.

என் இடப்பக்கத்து அம்மா சாரிடம் அர்த்தம் கேட்டார். "பூஜ்யம் அல்லது மூன்று" என்றார் நிதானமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்ன விளக்கம் சரி, தப்பு நான் வைத்த அட்டையில். தெரிந்துகொண்டதை முகத்தில்கூடக் காட்டக் கூடாது. சட்டம் அப்படித்தான், அது நியாயமும்கூட. கையிலிருந்த சீட்டுகளின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பேட் ஏஸும் ராஜாவும் அவரிடம். என் "மூன்றை"யும் சேர்த்து ஐந்து என்று கணக்குப் போட்டார். 7 ஸ்பேட், அதாவது பதின்மூன்று பிடியும் எடுப்பதாக. எதிரணி டபுள் சொன்னது, பந்தயம் இரட்டிப்பு.

டைமண்ட் ஏஸ் விழுந்தது. டம்மியை, அதாவது என் சீட்டுகளை, மேஜையில் விரித்தேன். சார் பார்த்தார். "தேங்க் யூ, பார்ட்னர்." எப்போதும் சொல்கிற அதே குரல். அடுத்தது கிளாவர் ஏஸ்.

இரண்டு டவுன், அதாவது இரண்டு பிடி குறைவு. 500 போச்சு. அடுத்த மேஜையில் அதே சீட்டுகளோடு எதிரணி ஜோடி 5 ஸ்பேடில் நின்று 650. ஆக 1150, அதாவது மேட்ச் கணக்குப் புள்ளியில் 15 இம்ப். மேட்ச்சில் தோற்றது 9 இம்ப்பில்.

மார்ச் 9

சார் போன் எடுக்கவில்லை. மூன்று தடவை.

மார்ச் 10, செவ்வாய்

5 கிளாவர். 5 கிளாவர். குளிக்கும்போதும் அதுதான்.

ராத்திரி மறுபடி அந்த 1975 பெர்முடா கையை எடுத்து வைத்துக்கொண்டேன். உலகக் கோப்பை இறுதி, இத்தாலியும் அமெரிக்காவும். இத்தாலியின் பெல்லடோனாவும் கரோஸோவும் துருப்பு ராஜா இல்லாமலே 7 கிளாவருக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவின் கான்டர் கையில் கிளாவர் ராஜாவும் பத்தும், இரண்டே சீட்டு. கூட ஒரு சின்ன கிளாவர் இருந்திருந்தால் ராஜா தப்பியிருக்கும். இல்லை. இத்தாலி 26 இம்ப்பில் கோப்பையைக் கொண்டுபோனது. கான்டரை நினைத்தால் எனக்கு எப்போதுமே மனசு பாரமாகிவிடும். ஆனால் அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, சீட்டு அப்படி விழுந்தது. என் கதை வேறு. நான் மறந்தேன்.

அதுவும் எந்த வாரத்தில்! "இதை ஆடிவிட்டுப் போய்ப் படுத்துக்கிறேன்" என்று சார் டாக்டரிடம் ஆபரேஷன் தேதியையே தள்ளி வாங்கியிருந்தார்.

மார்ச் 11

மாமி எடுத்தார். "தூங்கறார்ப்பா. கார்த்தால ஆறு மணிக்கு அட்மிஷன்." கோபமா என்று கேட்க வாய் வரவில்லை. 2018இல் ஜகார்த்தாவில் பர்தனும் சர்க்காரும் பிரிட்ஜில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியபோது, "அறுபது வயசுக்காரர்டா, பாத்தியா!" என்று இதே நம்பரிலிருந்துதான் சார் கத்தினார்.

மார்ச் 12, வியாழன்

காலையிலிருந்து இங்கேதான். நாலாவது மாடி, நீல நாற்காலி. உள்ளே கொண்டுபோய் மூன்று மணி நேரம் ஆகிறது. மாமி அவர் சட்டையை மடித்துப் பையில் வைக்கும்போது ஜேபியிலிருந்து எங்கள் சிஸ்டம் கார்டு விழுந்தது. நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்துபோய். 1430 வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன டிக். அவர் போட்டது. எப்போது போட்டார் என்று தெரியவில்லை. சனிக்கிழமைக்கு முன்பா, பிறகா?

ராத்திரி 7.40

கண் விழித்துவிட்டாராம். ஒருத்தர்தான் போகலாம் என்கிறார்கள். மாமி என்னைப் போகச் சொல்கிறார்.