தஞ்சாவூர் ஓவியத்தைச் சுவரில் மாட்டியபோது

தஞ்சாவூர் ஓவியம் காலண்டர் மாட்டுகிற ஆணியில் நிற்காது. பலகை, சுக்கான் பொடிக் கலவையில் எழுப்பிய புடைப்பு, கற்கள், தங்க ரேக்கு, கண்ணாடி, தேக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து நன்றாகவே கனக்கும். முதலில் எடை தெரிய வேண்டும். படத்தைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறி நின்று கழித்தால் போதும். நாங்கள் மாட்டியது 10 கிலோ.

அடுத்து சுவர். மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர் இரண்டும் வேண்டாம். ஈரம் பலகை வழியாக ஏறினால் புடைப்பு உப்பி ரேக்கு பெயர்ந்துவிடும். சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் துளையிடக் கூடாது. ஒயர் போகும் குழாய் பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கும்.

செய்தித்தாளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். நின்று பார்க்கும் இடமென்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடி 9 அங்குலத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்துக்கும் சட்டத்துக்கும் 6 முதல் 8 அங்குலம் இடைவெளி போதும். பூஜையறையில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. தரையில் உட்கார்ந்து கும்பிடுகிறவருக்குச் சாமி முகம் தெரிய வேண்டும், அதுதான் உயரம்.

கடையில் பின்பக்கம் ஒரு கம்பியை இழுத்துக் கட்டித் தருவார்கள். அதை நம்ப வேண்டாம். கம்பி எவ்வளவு தட்டையாக நிற்கிறதோ அவ்வளவு இழுவிசை. கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடை விழும். 15 டிகிரியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 10 கிலோ படத்துக்குக் கம்பியின் ஒவ்வொரு பக்கமும் 19 கிலோ இழுவை. கம்பி அறுவதும் வளையம் பிடுங்கிக்கொள்வதும் இதனால்தான். சட்டத்தின் இரு பக்கமும், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில், பக்கத்துக்கு ஒரு டி-வளையம் திருகி, இரண்டு திருகாணியில் தனித்தனியாக மாட்டுவதே சரி. படம் கோணவும் கோணாது. தேக்கு பிளக்காமலிருக்க, திருகுமுன் 2 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு துளைகளின் தூரத்தை அளவுநாடாவால் எடுத்தால் எப்படியும் சிறிது பிசகும். மாஸ்கிங் டேப்பை இரு வளையங்களுக்கும் குறுக்காக ஒட்டி, வளையங்கள் திருகாணியில் உட்காரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்த டேப்பையே உரித்துச் சுவரில் ஒட்டி ரசமட்டம் வையுங்கள். குறி மேலேயே துளை.

சுவர் துளைக்கும் 8 மி.மீ. மேசன்ரி பிட், திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் 40 மி.மீ. பிளாஸ்டிக் பிளக், 5 மி.மீ. தடிப்பில் 60 மி.மீ. திருகாணி. பூச்சு மட்டுமே 12 முதல் 15 மி.மீ. இருப்பதால் துளை 60 மி.மீ. ஆழம் போக வேண்டும்; பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார்ந்தால்தான் பிடிக்கும்.

வருகிற தூளைக் கவனியுங்கள். முதலில் வெள்ளை, அது பட்டி. பிறகு சாம்பல், அது பூச்சு. அப்புறம் சிவப்பு வந்தால் செங்கல்; நிம்மதியாகத் தொடரலாம். சிவப்பே வராமல் பிட் வெண்ணெயில் போவதுபோல இறங்கினால் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்து. பிளக் அங்கே சுற்றும், ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ இரண்டு துளையையும் சேர்த்தே நகர்த்துங்கள். சாம்பலாகவே வந்து பிட்டும் இறங்க மறுத்தால் கான்கிரீட். டிரில்லை, தட்டிக்கொண்டே துளைக்கும் ஹாமர் முறைக்கு மாற்ற வேண்டும். செங்கல்லில் ஹாமர் போட்டால் துளை அகன்று பிளக் ஆடும். சாம்பல்நிறக் கற்களால் கட்டிய வீட்டில் இந்த நிறக்கணக்கு உதவாது, கைக்குத் தெரியும் இறுக்கம்தான் அடையாளம். ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவருக்கு அதற்கென்றே விற்கும் பிளக் வாங்குங்கள்.

துளைத்தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கை அடியுங்கள். திருகாணித் தலை சுவரிலிருந்து 5 மி.மீ. வெளியே நிற்கட்டும். சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும். மழைக்காலத்தில் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். பலகை சில்லென்று இருந்தால் உடனே இறக்கி வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.